விசாரணைக்கு விரித்த கம்பளம்

தொலைபேசி மணி அடித்தபோது இஸ்மத் தன் கணவனின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல். "உதவி அலுவலகத்துல இருந்து பேசறோம். நாளைக்குக் காலையில மறுவிசாரணைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம். வீட்டுல ஆள் இருக்கணும்" என்றது. அதட்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாகவே சொல்லிவிட்டு வைத்தது. அந்த மரியாதைக்குப் பிறகு இஸ்மத் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"யாரு?" என்று கேட்டான் குப்புறப் படுத்திருந்த ஸஃப்தர்.

"அவங்கதான். நாளைக்கு வர்றாங்களாம்."

ஸஃப்தர் படுத்தபடியே தலையை மறுபுறம் திருப்பினான். பிறகு, "நான் வெளியில போயிருக்கேன்னு சொல்லிடு" என்றான். எழுந்து உட்காரவும் இயலாதவன் சொன்ன அந்த வேடிக்கைக்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

ஸஃப்தர் கொத்தனாராக இருந்தவன். மலாயர் நகரின் எல்லையில் எழும்பிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். ஒப்பந்தக்காரன் அவனைக் காப்பீட்டில் சேர்த்திருக்கவில்லை. முதுகெலும்பு முறிந்தது; படுக்கைப் புண் வந்தது; புண்ணின் சீழ் எலும்புக்குள் இறங்கியது. அதற்கான ஊசி மருந்து, ஏழைகளுக்கான உதவி அலுவலகத்தின் அட்டையைக் காட்டினால் மட்டுமே மருந்துக்கடையில் கிடைக்கும். முந்தைய குளிர்காலத்தில் ஏதோ கோளாறால் அட்டை செல்லாமல் போனது. மருந்து நின்ற சில நாட்களிலேயே ஸஃப்தருக்குக் காய்ச்சல் ஏறி, மகளையே அடையாளம் தெரியாமல் பிதற்றினான். அவன் உடம்பின் அனல் இஸ்மத்தின் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. நாளை வருபவர்கள் அட்டையை நிறுத்திவிட்டால் அந்த அனல் திரும்பிவிடும். அவளுடைய அச்சம் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியது.

இந்தக் குளிர்காலத்திலோ ஊரே அச்சத்தில்தான் இருந்தது. ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லாக் குடும்பங்களுக்கும் அரசு மாதந்தோறும் வங்கியில் போட்டுவந்த மானியப் பணத்தை, வசதியுள்ளவர்கள் தாமாகவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் வேண்டுகோள் விடுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுக்கொடுத்த எவரையும் இஸ்மத் கண்டதில்லை. வேண்டுகோளுக்கு ஊர் செவிசாய்க்காததால் இனி வீடு வீடாகத் துருவப் போகிறார்கள், வங்கிக் கணக்கைப் பார்க்கப் போகிறார்கள், யார் பெயரில் எந்த வண்டி என்று தோண்டப் போகிறார்கள் என்ற வதந்தி ரொட்டிக் கடை வரிசையில் நாள்தோறும் வளர்ந்தது.

அன்று மாலை வரிசையிலும் அதே பேச்சு. மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரரான ஒரு ஹாஜி, அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்? பூமிக்கடியில கிடக்குற எண்ணெய்ல எனக்குப் பங்கு இல்லையா? மந்திரி விட்டுக்கொடுக்கட்டும், அடுத்த நிமிஷம் நான் விட்டுக்கொடுக்கறேன்."

"அப்படிச் சொல்லுங்க ஹாஜ் ஆகா!" என்றாள் இஸ்மத்துக்கு முன்னால் நின்ற அடுத்த வீட்டுக்காரி அக்ரம் கானும்; 'கானும்' என்பது அந்த ஊரில் பெண்களுக்கான மரியாதைச் சொல். "எல்லாருக்கும் வர்றது நம்ம உரிமை. கை நீட்டாமலே வருது. ஆனா அந்த உதவி அலுவலகத்து வாசல்ல போய் நிக்குதுங்களே சிலது, அதுங்களைச் சொல்லணும். நல்லா இருக்குற காலை மடக்கி வெச்சிக்கிட்டு நொண்டின்னு எழுதிக் குடுக்குதுங்க. நம்ம பங்கைத்தான் தின்னுதுங்க. நான் சொல்றது சரிதானே இஸ்மத் ஜான்?" என்று, செல்லமாக விளிக்கும் 'ஜான்' சேர்த்துக் கேட்டாள்.

"சரிதான்" என்றாள் இஸ்மத்.

பொய்யாகவும் அவள் அதைச் சொல்லவில்லை. ஸஃப்தர் விழும்வரை அவளும் அப்படியே நினைத்து வந்தவள்தான். எல்லாருக்கும் வரும் பணம் வேறு, ஏழை என்று நிரூபித்து வாங்கும் பணம் வேறு. முன்னதை வாங்குபவர் தலை நிமிர்ந்து நடப்பார், பின்னதை வாங்குபவர் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். இந்த வேறுபாட்டை அவளுக்கு எவரும் கற்பித்ததில்லை; அவள் வளர்ந்த தெருவில் அது காற்றோடு கலந்திருந்தது. ஆகவே அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் தையற்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் மாஹ்ருக்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். குடும்பம் எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்களிடம், பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இருக்கும் ஸஃப்தரின் தம்பி பணம் அனுப்புவதாகச் சொல்லிவைத்திருந்தாள். அந்தத் தம்பி தொலைபேசியில் பேசியே ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவள் முற்றத்தைக் கழுவினாள். வருபவர்கள் வறுமையைப் பார்க்க வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அழுக்கும் குப்பையுமாக இருந்தால் அவர்கள் எளிதில் நம்புவார்கள் என்பதும் தெரியும். ஆயினும் வருபவர் எவரானாலும் விருந்தினர். கழுவாத படியில் ஒரு விருந்தினரைக் கால் வைக்கவிடும் பழக்கம் அவள் கைகளுக்கு இல்லை. திரைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆரஞ்சுப் பழமும் கொஞ்சம் வாங்கிவந்து மூடிவைத்தாள்.

சுவருக்கு அப்பாலிருந்து அக்ரமின் தலை எழுந்தது.

"என்ன இஸ்மத் ஜான், புது வருஷத்துக்கு இன்னும் நாள் கிடக்கே, இப்பவே வீட்டைப் புரட்டிப் போடறே?"

"நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

"யாரு?"

இஸ்மத் வாளியிலிருந்த மீதித் தண்ணீரைப் படியில் ஊற்றினாள். எந்த உறவினரின் பெயரைச் சொன்னாலும் அக்ரமுக்கு அவர்களைத் தெரியும். திகைத்து நின்ற அவள் முகத்தைப் பார்த்த அக்ரம், திரைகளை உதறிக்கொண்டிருந்த மாஹ்ருக்கைப் பார்த்தாள். மறுபடி இஸ்மத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அடி கள்ளி! பொண்ணு பாக்க வர்றாங்களா? என்கிட்டயே மறைக்கிறியா?"

இஸ்மத் மறுக்கவில்லை. மறுத்தால் வேறொரு பொய் வேண்டும். அது அந்த நேரத்தில் அவளிடம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவே ஒப்புதலாகிவிட்டது.

மறுநாள் காலையில் அக்ரம் தன் மருமகனோடு வந்தாள். மருமகனின் தோளில், நெசவுக்குப் பேர்போன ஜோஸான் ஊர்க் கம்பளம் ஒன்று சுருட்டியபடி இருந்தது. அக்ரமின் கல்யாணத்துக்கு அவள் தகப்பன் நெய்வித்துக் கொடுத்தது அது.

"ஐயோ, வேண்டாம் அக்ரம் கானும்!"

"ஆரம்பிச்சிட்டியா உபசாரத்தை?"

"சத்தியமா வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன், எடுத்திட்டுப் போயிடு."

"நீ மூணு தடவை வேண்டாம்பே, நான் மூணு தடவை வெச்சுக்கோம்பேன், கடைசியில விரிக்கத்தான் போறோம். அந்த நேரத்தையாவது மிச்சம் பண்ணு. தள்ளு!"

அந்த ஊரில் வேண்டாம் என்ற சொல்லுக்கு, முதல் சில முறைகள் வேண்டும் என்றே பொருள். இஸ்மத் எவ்வளவு உருகி மறுத்தாளோ, அவ்வளவு நல்ல வளர்ப்பு என்று அக்ரம் மகிழ்ந்தாள். கம்பளம் விரிந்தது. அதன்மேல் அக்ரமின் இரண்டு சாய்வு நாற்காலிகள் வந்தன. படிகக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. பிஸ்தாவும் பாதாமும் கலந்த தட்டும், திராட்சைச் சாறும் அக்ரூட்டும் சேர்த்துச் செய்த பாஸ்லோக் இனிப்பும் வந்தன. எதிர்வீட்டிலிருந்து ஒரு வெள்ளிச் சர்க்கரைக் கிண்ணம் தானாகவே வந்தது. சிறிது நேரத்துக்கெல்லாம் இஸ்மத்தின் அறை, இஸ்மத்துக்கே புதிதாக இருந்தது.

உள்ளறையில் கிடந்த ஸஃப்தர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பழம் வைக்கலையே" என்றான் மெதுவாக. பிறகு, வேடிக்கை அற்ற குரலில், "இஸ்மத், இதையெல்லாம் அவங்க பாத்தா?" என்றான்.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி அனுப்பிடறேன்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் மணி அடித்தது.

வந்தவர்கள் இருவர். தலைமுதல் கால்வரை கறுப்புச் சாதர் போர்த்திய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ராஸ்தேகார் கானும் என்ற அதிகாரி; அவளுக்குப் பின்னால், சவரம் செய்த முகமும் தேய்த்த சட்டையுமாக, கோப்பு ஏந்திய ஓர் இளைஞன். தாயும் மகனும் என்று எவரும் சொல்லுவார்கள். தெருவில் நின்ற பெண்கள் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி நாவைச் சுழற்றிக் குலவையும் இட்டாள். இளைஞன் திரும்பிப் பார்த்துத் திகைத்தான்.

இஸ்மத் கதவை மூடுவதற்குள் அக்ரம் உள்ளே நுழைந்துவிட்டாள். அவள் கையில் கண்ணேறு கழிக்கும் இஸ்ஃபந்த் விதை தணலில் வெடித்துப் புகைந்தது. வந்த இருவரின் தலையைச் சுற்றியும் புகையைக் காட்டிவிட்டு, "வாங்க, வாங்க, உங்க காலடி எங்க கண்ணுமேல!" என்று நாற்காலியைக் காட்டினாள். "நான் பக்கத்து வீடு. வெறும் பக்கத்து வீடுன்னு நினைச்சிடாதீங்க, கூடப் பிறந்தவ மாதிரி."

ராஸ்தேகார் கானும் அமர்ந்தாள். அவள் பார்வை கம்பளத்தின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, கிண்ணங்களின்மீது நின்று, வெள்ளிப் பாத்திரத்தில் முடிந்தது. இளைஞன் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தான். இஸ்மத் தன் ஆரஞ்சுத் தட்டைக் கிண்ணங்களுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"வசதியான வீடுதான்" என்றாள் அதிகாரி, அமைதியாக.

"வசதிக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்ரம். "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அது ஆண்டவன் சோதனை. ஆனா கொழுந்தன் துறைமுகத்துல பெரிய வேலை. மாசா மாசம் பணம் வந்து விழுது. இவங்க யார்கிட்டயும் கை நீட்டினவங்க இல்லை."

பேனா எழுதியது.

"மாசா மாசமா?" என்று கேட்டான் இளைஞன்.

"தவறாம! தம்பி, நீங்க எதுவும் யோசிக்காதீங்க. பொண்ணுக்குச் சீரு எல்லாம் தயாரா இருக்கு. குளிர்பெட்டி, துணி துவைக்கிற மிஷினு..." இது அக்ரமின் கற்பனை. பெண்வீட்டைக் குறைவாகச் சொல்லக் கூடாது என்பது முறை. அந்த முறையை அவள் குறைவில்லாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். "மாஹ்ருக்! டீயைக் கொண்டா!"

மாஹ்ருக் தட்டோடு வந்தாள். வந்திருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும். தட்டிலிருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன.

"பாருங்க, வெட்கத்துல பொண்ணுக்குக் கை நடுங்குது" என்றாள் அக்ரம், பெருமிதத்தோடு.

பேனா இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளறையில் கிடக்கும் உடம்பில் அனல் ஏறுவதுபோல் இஸ்மத்துக்குத் தோன்றியது. இப்போது பேசினால், பத்தாண்டு காலம் சுவரோடு சுவராக வாழ்ந்தவளின் முன்னால், ரொட்டிக் கடை வரிசையில் ஏசப்படுபவர்களில் ஒருத்தியாக நிற்க வேண்டும். பேசாவிட்டால் மருந்து நின்றுவிடும். உள்ளேயிருந்து ஸஃப்தர் ஒருமுறை இருமினான்.

"கானும்" என்றாள் இஸ்மத். அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கம்பளம் எங்களோடது இல்லை. நாற்காலி, கிண்ணம், எதுவும் எங்களோடது இல்லை. எல்லாம் அக்ரம் கானும் குடுத்தது. கொழுந்தன் ஒரு காசு அனுப்பினதில்லை. உங்க அலுவலகம் குடுக்குறதுலதான் நாங்க உயிரோட இருக்கோம்."

புகைச்சட்டியில் ஒரு விதை வெடித்தது.

"அலுவலகமா?" என்றாள் அக்ரம். "எந்த அலுவலகம்?" பிறகு அவள் இளைஞனின் கையிலிருந்த கோப்பை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள். அதன்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். ஓரடி பின்வாங்கினாள்.

ராஸ்தேகார் கானும் இப்படிப்பட்டவற்றைப் பார்த்துப் பழகியவளாகத் தோன்றினாள். "எல்லா வீட்டுலயும் பொருள் பக்கத்து வீட்டோடதுதான்னு சொல்றாங்க. எங்களுக்கு எழுத்துல வேணும். நீங்கதானே பக்கத்து வீடு? இந்தப் பொருள் எல்லாம் உங்களோடதுன்னு எழுதி, உங்க பேரும் அடையாள எண்ணும் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. போதும்."

இளைஞன் தாளை நீட்டினான். அக்ரம் அதைத் தொடவில்லை.

"என் எண்ணு எதுக்கு?"

"பொருள் யார்கிட்ட இருக்குன்னு தெரியணும்ல."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா, தெரியும்" என்றான் அவன். வேறெதுவும் கருதாமல் சொன்ன சொல்தான். அக்ரமின் காதில் அது எப்படி விழுந்தது என்பதை இஸ்மத் அவள் விரல்களில் கண்டாள். அவை சாதரின் விளிம்பைக் கசக்கத் தொடங்கியிருந்தன. அக்ரமின் கணவன் ஓட்டும் லாரி மைத்துனன் பெயரில் இருந்தது. தெருவுக்கே தெரிந்த செய்தி அது. அரசுக்கு மட்டும் தெரியாது. கம்பளத்தைப் பிடித்தால் லாரியைப் பிடிப்பார்கள், லாரியைப் பிடித்தால் மாதந்தோறும் வரும் மானியம் நிற்கும்.

"அக்ரம் ஜான்..." என்றாள் இஸ்மத்.

"என்னைப் பாக்காதே" என்றாள் அக்ரம், பல்லுக்கிடையில். "எனக்கும் சோறு போட மூணு வாய் இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அப்ப, பாத்ததைத்தான் நாங்க எழுதணும்" என்றாள் அதிகாரி.

இளைஞன் நீட்டிய தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தான். மாஹ்ருக் தட்டை இன்னும் ஏந்திக்கொண்டே நின்றாள். அக்ரம் வாசலைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றே இஸ்மத் எண்ணினாள். அவள் போகவில்லை. புகைச்சட்டியைக் கீழே வைத்தாள். சாதரின் முனைகளை இடுப்பில் முடிந்தாள்.

"பாத்ததைத்தானே எழுதுவீங்க? எழுந்திரிங்க."

"என்ன?"

"எழுந்திரிங்க கானும். தம்பி, நீயும்தான்."

அவர்கள் எழுந்தார்கள். அக்ரம் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாசலுக்கு இழுத்துப்போனாள். கிண்ணங்களைச் சாதரில் அள்ளினாள். பிஸ்தாத் தட்டை அதிகாரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து எடுத்தாள். பிறகு மண்டியிட்டு, கம்பளத்தை ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். இளைஞன் தன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொடுத்தான். கம்பளம் விலக விலக, ஈரம் பூத்த சிமென்ட் தரையும், அதன்மேல் ஓரங்கள் கிழிந்த ஒரு பிளாஸ்டிக் பாயும் வெளியே வந்தன. இஸ்மத் வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள் ஓர் அலுமினியத் தட்டில் மிஞ்சின.

"இப்ப பாருங்க" என்றாள் அக்ரம், மூச்சிரைக்க. "நான் ஒண்ணும் எழுதித் தரலை. நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. நீங்க பாக்குறதை எழுதுங்க."

ராஸ்தேகார் கானும் தரையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளறைக்குச் சென்று ஸஃப்தரின் போர்வையை விலக்கிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது சாதரின் முனையால் மூக்கை மூடியிருந்தாள்.

"புதுத் தாள் எடு" என்றாள் இளைஞனிடம்.

"நான் ஏற்கெனவே..."

"எடுன்னு சொன்னேன்."

என்ன எழுதினார்கள் என்று சொல்லவில்லை. இஸ்மத்துக்குக் கேட்கவும் துணிவில்லை. முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு இருவரும் ஆரஞ்சைத் தொடாமலே போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அக்ரம் கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு சுருட்டிய கம்பளத்தை ஒருபுறம் தானும் மறுபுறம் மாஹ்ருக்குமாகத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். தெருவில் பெண்கள் சூழ்ந்துகொண்டது இஸ்மத்துக்குக் கேட்டது. அவள் மூடிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ, இப்போது சொல்லப்போகிறாள்.

"என்ன ஆச்சு? பொண்ணு பிடிச்சிருக்காமா?"

"அவங்களுக்குப் பிடிச்சிருந்தா என்ன, பிடிக்காட்டி என்ன?" என்றாள் அக்ரம். "எங்களுக்குப் பையனைப் பிடிக்கலை. பேனாவைப் பிடிச்சுக்கிட்டுச் சீர் கணக்குக் கேக்குறான். வேண்டாம்னு அனுப்பிட்டோம்."

இஸ்மத் கதவிலிருந்து நெற்றியை எடுத்தாள். கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்ரம் குரல் கொடுக்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அதுவரை அவள் அப்படி வந்ததில்லை. நேற்றைய செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை.

"அந்தப் பையன் என் பேரை எழுதிக்கிட்டானா?" என்றாள்.

"நான் உன் பேரைச் சொல்லித்தானே..."

"எழுதினானா, இல்லையா?"

"தெரியலை."

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கேள்வி மாறவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் ஹாஜி தன் வழக்கமான பேச்சைத் தொடங்கினால், அக்ரம் சாதரை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் வாய் எப்போது திறக்குமோ என்று இஸ்மத் அஞ்சினாள். இஸ்மத்தை மறுபடியும் அலுவலகத்துக்கு அழைத்து, அந்தக் கம்பளம் யாருடையது என்று கேட்டுவிட்டால் அவள் என்ன சொல்லுவாளோ என்று அக்ரம் அஞ்சினாள். அலுவலகத்தைவிட ஒருவரையொருவர் அதிகமாக அஞ்சிய அந்தக் காலத்தில் அவர்கள் முன்பைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி மற்றொருத்தியைப் பார்வையிலிருந்து விட மனமில்லாமல்.

புது வருஷம் பிறந்த பிறகு ஒருநாள் இஸ்மத்தின் கைபேசிக்குச் செய்தி வந்தது: அட்டை அடுத்த விசாரணைவரை செல்லும். மருந்துக்கடைக்கு அவள் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். ஊசியைக் கையில் வாங்கிய பிறகுதான் நம்பினாள். அந்த மாதம் அக்ரமின் வங்கிக் கணக்குக்கும் வழக்கம்போல் மானியம் வந்தது.

அன்று பிற்பகல் இருவரும் அந்தப் பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அக்ரம் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த விசாரணைன்னா எப்போ?"

"போடலை."

"தேதி போடாம எப்படி? அப்ப, எப்ப வேணாலும் வருவாங்களா?"

இஸ்மத் பதில் சொல்லுமுன் யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள். மெதுவாகத்தான் தட்டினார்கள், மரியாதையான தட்டல். இருவர் கையிலும் குவளை அப்படியே நின்றது.

"கதவைத்தானே தட்டறாங்க? யாருன்னு கேளுங்களேன்" என்றான் ஸஃப்தர், உள்ளறையிலிருந்து.

மறுபடியும் தட்டினார்கள். அக்ரம் குவளையை ஓசையின்றிக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் நகர்ந்தாள்.

"நான் இங்க இல்லை" என்று கிசுகிசுத்தாள். "நான் யாருன்னே உனக்குத் தெரியாது."

இஸ்மத் சாதரைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.